பட்டமும் உண்டு, பயிற்சியும் உண்டு, வேலை எங்கே?

ஆலைத் தொழிலாளியின் மகளும் விவசாயக் கூலியின் மகனும் பாடுபட்டுப் பட்டம் பெறுகிறார்கள். வாத்தியாராக அது போதாது, பி.எட். வேண்டும் என்கிறது சர்க்கார். ஓராண்டாக இருந்த அந்தப் படிப்பு 2015-ல் ஈராண்டாயிற்று. கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கையில். ஆண்டு கூடினால் கட்டணம் கூடும். தாயின் தாலி அடகுக் கடைக்குப் போகும்.

"நல்ல பயிற்சி வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும்! நல்ல ஆசிரியர் முதலில் தேவைப்படுவது நம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் தமிழ்நாட்டில் 2012-ல் நடந்த முதல் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அத்தனை பேரும் மக்குகளா? அப்படியானால் அவர்களிடம் பணம் வாங்கிப் பட்டம் கொடுத்த கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது யார்? முதலாளிக்கு லாபம், படித்தவனுக்குத் தண்டனை! இதுதான் நியாயமா?

பின்னர் தேறியவர்களையாவது விட்டார்களா? 2018-ல் அரசாணை 149 வந்தது. இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்றது. வடிகட்டிக்கு மேல் வடிகட்டி!

நாம் கேட்கிறோம்: அரசுப் பயிற்சிக் கல்லூரிகளைப் பெருக்கு! தனியார் கட்டணக் கொள்ளையைத் தடு! தேறியவர்களைக் காலியிடங்களில் நியமி!

தோழர்களே! ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். சங்கந்தோறும் தீர்மானம் போடுங்கள். நம் கூலியில் பிறந்த பட்டங்கள் பெட்டியில் உறங்கலாகாது!