பாலம் கடக்கும் வாடிக்கையாளரும் நாமும்

சிராங்கூன் சாலையில் நம் கடைக்காரர்கள் இருவர் சந்தித்தால், "ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் ஜொகூருக்குப் போய்விடுகிறது" என்பதுதான் இன்று பேச்சு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் புலம்பலோடு நின்றுவிடுவது வணிகருக்கு அழகன்று.

பாலம் கடப்பது புதிய வழக்கமன்று. கடற்பாலம் 1924-ல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் வண்டிகள் பாதித் தொட்டி எண்ணெயாவது வைத்துக்கொண்டுதான் எல்லை தாண்டலாம் என்று 1989-ல் விதி வந்தது. 1991-ல் அது முக்கால் தொட்டி ஆயிற்று. ஆனாலும் பயணம் நிற்கவில்லை. 1998-ல் துவாஸ் வழியாக இரண்டாவது பாலமும் வந்தது. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் அடைபட்ட எல்லை, 2022 ஏப்ரல் 1 அன்று மீண்டும் திறந்ததும் மக்கள் வெள்ளம்போல் போனார்கள்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் நம் வாடிக்கையாளர்கள்தாம். இங்கே வேலை அனுமதியில் குடும்பத்தோடு வாழும் இந்தியர், முன்பு ஒரு நாள் உலாவுக்குக்கூட விசா வாங்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அதை விலக்கியது. காலையில் நினைத்தால் மதியம் ஜொகூர் பாருவில் இலைச் சாப்பாடு என்றாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது விலையில் நாம் போட்டியிட முடியாது. நம் கடை வாடகையும் ஆள்கூலியும் அதற்கு இடம் தரா. ஆனால் அந்தக் குடும்பம் படும் பாட்டையும் எண்ணிப் பாருங்கள். பாட்டியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, உட்லண்ட்ஸில் வரிசை, அக்கரையில் வரிசை, திரும்பும்போது மறுபடியும் இரண்டு வரிசை. பத்துக் கிலோ அரிசிக்காக மட்டும் யாரும் இவ்வளவு சிரமப்படுவதில்லை. சொந்த ஊரை விட்டு வந்து, வாரம் முழுதும் அடுக்குமாடி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே வாழ்பவர்களுக்கு, எல்லோரும் சேர்ந்து வெளியே போய்வர ஒரு நாள் வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கோயிலில் ராஜகாளியம்மனைத் தரிசித்து, வயிறாரச் சாப்பிட்டு, நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் போவது உலாவுக்கு. சாமான் வாங்குவது அதன் கூடவே நடப்பது.

போவோரைக் கட்டுப்படுத்த அரசிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. பண்டிகை நாளில் நம்மில் எத்தனை பேர் பாலம் கடந்து உறவினர் வீட்டுக்குப் போகிறோம்! வாடிக்கையாளரை அடைத்து வைத்து வியாபாரம் செய்ய முடியாது.

அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திரும்புவோர் வாங்கிவரும் பொருளில் 100 வெள்ளி வரைக்கும் பொருள் சேவை வரி இல்லை. ஆனால் வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்தோர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வாங்கிவரும் புதுப் பொருளுக்கு அவர்கள் 9 விழுக்காடு வரி கட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. பயமுறுத்தாமல், உதவியாகச் சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியது என்ன? மொத்த வியாபாரிகள் மூட்டை விலையில் ஐந்து கிலோ, பத்துக் கிலோப் பைகளைக் கட்டிக் கொடுத்தால், சில்லறைக் கடைக்காரர் மாத மளிகையை மொத்தமாக விலை பேசலாம். விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வைக்காமல் அட்டையில் எழுதித் தொங்கவிடலாம். சாமானை வீடு கொண்டு சேர்த்தால், தூக்கிச் சுமக்கும் சிரமத்தை நினைப்பவர் நம்மிடமே வாங்குவார். வயதானவர் உட்கார ஒரு நாற்காலி போட அதிகச் செலவில்லை. ஞாயிறு மாலை களைத்துத் திரும்பும் குடும்பத்துக்கு மறுநாள் காலைக்குத் தோசை மாவும் கறிவேப்பிலையும் வேண்டும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடையை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே ரயில் வருகிறது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றக்கூடியது. பயணம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். அது ஓடத் தொடங்கினால் வரிசைச் சிரமமும் குறைந்துவிடும். சிரமத்துக்குப் பயந்து நம்மிடம் தங்கியிருக்கும் வாடிக்கையாளரும் அன்று போய்விடுவார். நம்மை நாடியே வருபவர் மட்டும் நிலைப்பார். அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் இதுவே.