நாகலூரில் வாரத் தவணை! மேடையில் வட்டி ஒழிப்பு முழக்கம்!

வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை கிடையாது. ஹனஃபி, ஷாஃபி என்று மத்ஹபில் பிரிந்தாலும், எந்த அமைப்பின் கொடியைப் பிடித்தாலும், இந்த ஒன்றில் எல்லோரும் ஒரே ஸஃப்பில்தான் நிற்கிறோம். வட்டியின் கொடுமையைப் பற்றி ஜும்ஆ பயான் உண்டு, துண்டுப் பிரசுரம் உண்டு, இரவு பதினொரு மணி வரை ஒலிபெருக்கி அலறும் பொதுக்கூட்டமும் உண்டு. நாரே தக்பீர் முழங்கிக் கலைந்து விடுகிறோம். மறுநாள் காலை அதே தெருவில் கடன் நிறுவனத்தின் வசூல்காரர் இரு சக்கர வண்டியை நிறுத்துகிறார். பத்துப் பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். நமது பயானைக் கேட்டவர்களும் அந்தப் பத்துப் பேரில் இருக்கிறார்கள்.

இது யாருடைய தோல்வி? அந்தப் பெண்களுடையதா?

நாகலூரை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம், ஏற்காடு ஒன்றியம், சேர்வராயன் மலை மேலே உள்ள ஊராட்சி. சுற்றிலும் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி. ஊரில் பெரும்பான்மை மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களோடு தோட்டக் கூலிகளாக வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழாத மலையைப் பற்றி நமது பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்கிறவர்களுக்காகவே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்தில். அதற்கும் வெகு காலம் முன்பு, யமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டு வந்து சிக்மகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்ற சூஃபிப் பெரியார் என்று சொல்லப்படுகிறது. இதைப் பெருமையாக எழுத நமது ஏடுகளில் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. அந்தப் பழத்தைப் பறிக்கும் பெண்ணின் கடனைப் பற்றி எழுத அரைப் பத்தி கிடையாது!

காப்பிப் பழம் எடுப்பது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில். அதையொட்டி மிளகு அறுவடை. அந்த நான்கைந்து மாதம் கையில் காசு புழங்கும். பிறகு களை எடுப்பது, நிழல் மரம் கழிப்பது என்று கிடைத்த நாளில் கூலி; மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. வருமானம் பருவம் பார்த்து வருகிறது. கடன் நிறுவனத்தின் தவணையோ பருவம் பார்ப்பதில்லை. வாரா வாரம் கட்டியாக வேண்டும். மலைப் பெண்ணின் கழுத்தில் விழும் சுருக்கு இதுதான். வட்டி எத்தனை விழுக்காடு என்பதை விட, ஆனி மாத மழையில் வேலை இல்லாத வாரத்திலும் தவணைக்கு விடுமுறை இல்லை என்பது அவளை அதிகம் கொல்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்குவது அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி, 52 வாரத் தவணை என்று வைத்துக்கொண்டால் வாரம் ஏறத்தாழ 870 ரூபாய். ஆண்டு முடிவில் 45,000 ரூபாய் கட்டியிருப்பாள். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அடியாள் வைத்து வசூலிப்பது அந்தக் காலம். இந்தக் காலத்தில் அண்டை வீட்டுக்காரியையே அடியாளாக மாற்றிவிட்டார்கள்.

இது எங்கே கொண்டு போய் விடும் என்பதை ஆந்திரம் 2010லேயே காட்டியது. தவணை கட்ட முடியாத பெண்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வெளிவந்த பின்னரே அந்த மாநில அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டது. ரிசர்வ் வங்கி முதலில் இந்த நிறுவனங்களின் வட்டிக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. 2022 ஏப்ரல் முதல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. தோட்டக் கூலிக்கு மாத வருமானம் என்று எதைக் கணக்கிடுவார்கள்? மார்கழியையா, ஆடியையா? தமிழக அரசும் 2025ல் கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் சட்டம் வசூல்காரரின் வாயைத்தான் கட்டும். பெண்ணின் கைக்குப் பணம் கொடுக்காது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. இதே சேலம் மாவட்டம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தாய்வீடு போன்றது. 1989ல் தருமபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியுதவியோடு தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991-92ல் சேலத்துக்கு வந்தது. அப்போது இருந்த யோசனை வேறு. பெண்கள் முதலில் சேமிப்பது, சேமித்ததைத் தங்களுக்குள் சுழற்றுவது, பிறகு வங்கியிடம் தலைநிமிர்ந்து கேட்பது. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பெண்கள் கணக்கேடு எழுதக் கற்றது அந்தக் குழுக்களில்தான். அந்த ஒற்றுமையைப் பிணையாக வைத்துக்கொண்டு தனியார் நிறுவனங்கள் லாபம் பார்க்கக் கிளம்பியது பிறகு வந்த கதை. பெண்கள் கட்டிய வீட்டுக்குள் வட்டிக்காரன் குடியேறிவிட்டான்.

சரி, நாம் என்ன செய்தோம்? அரசைக் குறை சொன்னோம். நியாயமான குறைதான். முஸ்லிம்களுக்கு வங்கிக் கடன் போதிய அளவு கிடைப்பதில்லை என்று 2006ல் சச்சார் குழு எழுதி வைத்தது. வட்டியில்லா வங்கி முறையைப் பரிசீலிக்கலாம் என்று 2008ல் ரகுராம் ராஜன் குழு சொன்னது. அந்த யோசனையைக் கைவிட்டதாக 2017ல் ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. கண்டனத் தீர்மானம் போட்டோம். அதன் பிறகு? வட்டியில்லா வங்கி வரும் வரை நாகலூர்ப் பெண்ணும், சேலம் நகரத்தில் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் நம் சகோதரியும் காத்திருக்க வேண்டுமா?

மஹல்லாவில் நூறு வீடு. வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய். இதைக் கொடுக்க முடியாத மஹல்லா தமிழ்நாட்டில் எத்தனை? மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பன்னிரண்டு பெண்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் வட்டியில்லாக் கடன். அறுவடைக் காலத்தில் திருப்பிக் கட்டினால் போதும் என்ற தவணை. திரும்பி வரும் பணம் அடுத்த ஆண்டு வேறு பன்னிரண்டு பேருக்கு. அதோடு அந்த ஆண்டின் சந்தாவும் சேரும். இதற்கு இஸ்லாமிய வங்கியும் வேண்டாம், ரிசர்வ் வங்கியின் தயவும் வேண்டாம். தேவ்பந்தில் முஸ்லிம் ஃபண்ட் 1961லேயே தொடங்கப்பட்டது. கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் இறைக் கட்டளை (2:280) நமது வீட்டு அலமாரியில்தானே இருக்கிறது!

ஜகாத்தின் நிலையைப் பாருங்கள். அதைப் பெறத் தகுதி உள்ள எட்டுப் பிரிவினரில் (9:60) கடனில் மூழ்கியவரும் ஒருவர். ரமளான் இருபத்தேழாம் கிழமையில் செல்வந்தர் வீட்டு வாசலில் ஏழைப் பெண்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு புடவையும் இருநூறு ரூபாய் நோட்டும் கொடுத்து அனுப்புகிறோமே, அதில் எந்தக் கடன் அடையும்? யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரின் போர்வையையும் கிண்ணத்தையும் ஏலம் விட்டு, கிடைத்த இரண்டு திர்ஹத்தில் ஒன்றைக் கொண்டு கோடரி வாங்கச் செய்து விறகு வெட்ட அனுப்பினார்கள் நபி (ஸல்) அவர்கள். நாம் அந்தத் தோழருக்கு ஆண்டுதோறும் ஒரு போர்வை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

ஜகாத்தை முஸ்லிம் அல்லாதவருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு சர்ச்சை எழும். ஜகாத்தை நம் ஏழைகளுக்கே கொடுங்கள். ஃபிக்ஹு நூல்களோடு இங்கே நாம் மல்லுக்கட்ட வரவில்லை. ஆனால் ஸதக்காவுக்கும் அழகிய கடனுக்கும் மதம் என்ற வேலி இல்லை. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவரைக் கண்டித்த மார்க்கம், அண்டை வீட்டார் கலிமா சொன்னவரா என்று விசாரித்துவிட்டுச் சோறு போடச் சொல்லவில்லை. மலைச் சரக்கு வாங்கி விற்கும் தொழிலில் நம்மவர்கள் இல்லையா? அந்த மலையின் மிளகில் லாபம் பார்க்கிறவர் அந்த மலைப் பெண்ணுக்கு அறுவடைக்கு முன்பு வட்டியில்லா முன்பணம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கொடுத்துவிட்டுச் சந்தை விலைக்குக் குறைத்துச் சரக்கைக் கேட்கக்கூடாது. கேட்டால் அதுவும் வேறு பெயரில் வட்டியே.

கடன் மட்டும் போதாது, விற்கச் சந்தை வேண்டும். அது நமது பள்ளிவாசலிலேயே இருக்கிறது. நோன்புக் கஞ்சியை எதில் ஊற்றிக் கொடுக்கிறோம்? பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையிலும் தெர்மாகோல் கிண்ணத்திலும். தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்த 14 பொருட்களில் இவையும் அடக்கம். முப்பது நாள் நோன்பு முடியும்போது பள்ளிவாசல் பின்புறம் குப்பை மலை. வலீமா விருந்துகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அருவியைப் பார்க்க ஏற்காட்டுக்கு வேன் பிடித்துப் போகும் நமது இளைஞர்களும் பிரியாணிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் தாளைக் காப்பித் தோட்டத்து ஓரமாகவே வீசிவிட்டு வருகிறார்கள். அதைத் தின்பது காட்டெருமை. அந்தக் குப்பை அடைத்துக்கொள்ளும் ஓடையில் குடம் வைப்பது மலைப் பெண்.

மலை அடிவாரத்தில் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புகள் இருக்கின்றன. உதிர்ந்த மட்டையைச் சேகரித்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு, கிண்ணம். மரம் வெட்ட வேண்டியதில்லை, ரசாயனம் வேண்டியதில்லை. எறிந்தால் மண்ணோடு மண்ணாகும். ஒரு அழுத்து இயந்திரத்தை நாலைந்து பெண்கள் சேர்ந்து நடத்தலாம். அவர்களுக்குக் கவலை ஒன்றுதான்: யார் வாங்குவார்கள்? சேலம் மாவட்ட ஜமாஅத்துகள் ஒன்று கூடி, வருகிற ரமளானுக்கும் அடுத்த ஓராண்டு நிக்காஹ் விருந்துகளுக்கும் இவ்வளவு தட்டு, இவ்வளவு கிண்ணம் என்று ஷஃபான் மாதமே எழுத்தில் கொடுத்து, பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்டட்டும். பிளாஸ்டிக் கோப்பையை விடக் காசு கொஞ்சம் கூடும். பந்தலுக்கும் சீரியல் பல்புக்கும் செலவழிக்கிற கூட்டம், கஞ்சிக் கிண்ணத்தில் மட்டும் சிக்கனம் பேச வேண்டாம்.

“பெண்களை வியாபாரத்துக்கு இழுக்கிறீர்களே” என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் வணிகர். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் சம்பாதித்து அதை தர்மம் செய்தவர்கள். சம்பாதித்ததில் பெண்களுக்கு அவர்களுக்குரிய பங்கு உண்டு என்பது குர்ஆனின் தீர்ப்பு (4:32). வசூல்காரர் வாரா வாரம் திண்ணையில் வந்து உட்காரும்போது இந்தப் பெரியவர்களுக்கு மார்க்கம் நினைவுக்கு வரவில்லை. பெண் பைத்துல்மால் கணக்கைக் கேட்டால் மட்டும் வந்துவிடுகிறது!

ஆம், கணக்கைத்தான் கேட்கச் சொல்கிறோம். ஹலால் லாபம் என்று பெயர் வைத்துப் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் திரட்டிய பணம் 2019ல் என்ன ஆனது? ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் நகையையும் மகளின் திருமணச் சேமிப்பையும் இழந்து தெருவில் நின்றன. தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணம் கொடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். மஹல்லா நிதி நன்கொடையாக மட்டும் இருக்கட்டும். லாபம் தருவதாகச் சொல்லி யாரிடமும் வைப்புத்தொகை வாங்கக்கூடாது, அது சட்டப்படியும் குற்றம். அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, வரவு செலவைத் தணிக்கை செய்ய வேண்டும். யாருக்குக் கடன் என்பதை முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முத்தவல்லியை விட அவர்களுக்குத் தெரியும். வாங்கியவரின் பெயரை வெளியிட வேண்டாம்; தொகையை வெளியிட்டால் போதும்.

அரசின் கதவையும் சும்மா விடக்கூடாது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்க ஏற்பாடு இருக்கிறது. சமுதாயம் திரட்டும் நன்கொடைக்கு இணை மானியம் தருவது அதன் நடைமுறை. நாம் திரட்டாத ஆண்டில் அந்த மானியமும் வராது. அந்தச் சங்கத்தின் பெயரையாவது கேள்விப்பட்ட ஜமாஅத்துகள் சேலம் மாவட்டத்தில் எத்தனை? மலைப் பெண்களுக்குக் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22ம் நவம்பர் 1ம் சேர்ந்துள்ளன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஊற்றுகளையும் ஓடைகளையும் பற்றித் தீர்மானம் போட அதைவிடப் பொருத்தமான நாள் எது? ஏற்காட்டிலும் சேலத்திலும் உள்ள நமது கிளைகள் அன்றைக்கு நாகலூர் கிராமசபைக்குப் போகட்டும். வெளியூர்க்காரர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். போகிறவர்கள் கொடியையும் பேனரையும் கீழேயே வைத்துவிட்டு, அந்தப் பெண்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் குறிப்போடு அடுத்த மாவட்டச் செயற்குழு தொடங்கட்டும். வட்டி ஒழிப்பு மாநாட்டுக்குத் தேதி குறிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.