கட்டுத்தறியில் நின்ற நஷ்டம்

புக்கிட் பெருந்துங்கிலிருந்து கோலசிலாங்கூர் வரையிலும் பரந்து கிடக்கும் தோட்டப் புறங்களில், பால்மரம் சீவிய காலந்தொட்டு லயத்துக்குப் பின்னால் இரண்டொரு மாடுகளைக் கட்டிவைத்து ஜீவனத்துக்குத் துணை தேடிக்கொண்ட நம்மவர்களுக்கு, மாடுதான் வங்கி. பெண்ணின் கல்யாணமென்றாலும் பிள்ளையின் படிப்பென்றாலும் முதலில் அவிழ்க்கப்படுவது அதன் கயிறே.

அந்த வங்கியைக் கரைப்பது நோய். கோமாரி நோய் வளர்ந்த மாட்டை அபூர்வமாகவே கொல்லும் என்பதால் அதை அற்பமாக எண்ணுவோர் உண்டு. வாயிலும் குளம்பிலும் புண் கண்டு, தீனி மறுத்து, பால் வற்றி, மடிவீக்கமும் சேர்ந்து நிற்கும் பசுவை மாதக்கணக்கில் வைத்துத் தீனி போட்டுப் பார்த்தவருக்கே, செத்த மாட்டைவிடச் சாகாத மாடு அதிகச் செலவு வைக்கும் என்பது விளங்கும். 2021இல் மலேசியாவுக்குள் நுழைந்த தோல்கழலை நோயையோ ஈயும் கொசுவுமே சுமந்து திரிகின்றன. தோட்டத்தில் அவற்றுக்கா பஞ்சம்?

நோய் கண்ட இடத்தில் மாட்டை விற்காதே, வெளியே ஓட்டாதே என்று சர்க்கார் தடை விதிப்பது நியாயமே. ஆனால் அத்தடையின் செலவு முழுவதையும் கட்டுத்தறிக்காரன் தலையில் ஏற்றினால், அவன் இரவோடு இரவாக மாட்டை லாரியில் ஏற்றுவான்.

இப்படி ஒருமுறை நடந்தும் இருக்கிறது. 1998இல் கிந்தா வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் நிப்பா நோய் தோன்றி, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலென்று தவறாகக் கருதப்பட்டபோது, முதலும் போய்விடுமே என்று நடுங்கிய பண்ணைக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்ட பன்றிகளோடு நோயும் பிரயாணம் செய்து நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கை அடைந்தது. 1999இல் அது அடங்குவதற்குள் 105 பேர் மாண்டார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அவசர விற்பனையைப் பேராசை என்று பழித்தவர்கள் உண்டு. எனக்கு அது பயமாகவே படுகிறது. பயத்தைத் தண்டனையால் போக்க முடியாது. அதற்கு ரொக்கம் வேண்டும்.

பத்து மாட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவனும், காலடி மண் தனக்குச் சொந்தமில்லாதவனும் விவசாயியே என்று கால்நடை இலாகா முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை போடவேண்டிய கோமாரி ஊசி லயத்து வாசல்வரை வரட்டும். தடை உத்தரவு ஒட்டப்படும் அன்றைக்கே, கொல்லப்படும் மாட்டுக்கும் விற்க முடியாமற்போன கன்றுக்கும் சந்தை விலையை எண்ணி அவன் கையிலேயே கொடுத்துவிடட்டும்.