வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்?

பழைய பொலேரோ, சுமோ, ஸ்கார்ப்பியோ வைத்திருப்பவர்கள் எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் இப்போது ஒரு பேச்சு காதில் விழும். "வண்டியைக் கொஞ்சம் தூக்கிடலாம் சார், கெத்தா இருக்கும்." இதற்கு 'லிஃப்ட்' என்று பெயர். ஸ்பிரிங்கை மாற்றியோ, அதற்கு அண்டை கொடுத்தோ வண்டியின் உடம்பை இரண்டு இஞ்ச், மூன்று இஞ்ச் மேலே நிறுத்துவது.

காட்டுக்கும் மலைக்கும் போகிற இளைஞர்கள் செய்துகொள்ளட்டும். அவர்கள் தேவை வேறு. நான் எழுதுவது நம்மைப் போன்றவர்களின் வண்டியைப் பற்றி. ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டி பணத்தில் வாங்கி, இன்றைக்கும் மார்க்கெட்டுக்கும் மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துப் போகிற வண்டி. என் கட்சி இதுதான்: பழைய வண்டிக்கு முதலில் தர வேண்டியது அது இழந்துவிட்ட சொந்த உயரத்தை. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஒரு இஞ்சுக்குள் நிறுத்துங்கள். அந்த அளவை, வண்டியில் ஏறி இறங்க யார் அதிகம் கஷ்டப்படுகிறாரோ அவரை வைத்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் அப்படிக் கஷ்டப்படுபவர் என் மனைவி. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. போகும்போது எப்படியோ ஏறிவிடுவாள். நான்கு மணி நேரம் படுத்து எழுந்து திரும்பும்போது காலில் பலம் இருக்காது, தலை சுற்றும். வண்டி 2009-ல் வாங்கிய பொலேரோ. நானும் மகனும் மாறி மாறி ஓட்டுகிறோம்.

உயர்த்தும் யோசனை மகனுடையது. அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் சொன்ன காரணம் நியாயமானது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவமே வந்து ஜனங்களைப் படகில் மீட்டது. எங்கள் தெருவில் தொடை அளவு தண்ணீர். திங்கட்கிழமை டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தெரிந்தவர் ஒருவரின் டிராக்டரில் நாற்காலி போட்டு உட்கார வைத்து மெயின் ரோடு வரை கொண்டுபோனோம். அந்த ஒரு நாள் தாமதத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தவன் என் மகன். "அப்பா, மூணு இஞ்ச் தூக்கி, பெரிய டயர் போட்டுட்டா இந்தக் கதி வராது. வேகத்தடையிலயும் அடி தட்டாது" என்றான்.

இரண்டு காரணம் சொன்னான்: தண்ணீர், வேகத்தடை. நான் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த குமாஸ்தா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறிப்பு எழுதிப் பார்ப்பதுதான் என் பழக்கம்.

முதலில் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். பொலேரோவின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே கம்பெனி சொல்லும் இடைவெளி 18 சென்டிமீட்டர். அப்படியிருக்க வண்டி ஏன் தட்ட வேண்டும்? ஒன்று, நம்ம தெருக்களில் ஆளாளுக்குப் போட்ட மேடுகள் அந்த அளவில் இல்லை, அகலம் குறைந்து செங்குத்தாக நிற்கின்றன. இரண்டாவது, என் வண்டியிடம் அந்த 18 சென்டிமீட்டர் இப்போது இல்லை.

இதை அளந்துதான் சொல்கிறேன். என் நண்பர் ஒருவரிடம் அதே மாடல் வண்டி உண்டு. அதிகம் ஓடாதது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்துப் பார்த்தோம். என் வண்டி பின்பக்கம் 4 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. முன்பக்கம் ஒன்றரை. பின்னால் வலது பக்கத்தைவிட இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கீழே. இதில் டயரைச் சேர்க்காமல் அளப்பதுதான் முக்கியம். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும்.

மெக்கானிக் தம்பி குனிந்து பார்த்து, "ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு சார்" என்றார். பொலேரோவில் முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் அடுக்குப் பட்டைகள். பதினைந்து வருடப் பாரத்தில் பட்டையின் வளைவு நிமிர்ந்துபோகிறது. அதாவது மூன்று இஞ்ச் வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் ஒன்றரை இஞ்ச் ஏற்கெனவே எங்களுடையது. காலம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் பலர் கணக்கு தவறுகிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்பு உயரும். பின் அச்சும் அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. அது உயர வேண்டுமென்றால் டயரைத்தான் பெரிதாக்க வேண்டும். டயரின் விட்டத்தில் 3 சென்டிமீட்டர் கூட்டினால் அச்சுக்குக் கிடைப்பது அதில் பாதி. கூடவே ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கும்.

எஞ்சின் காற்று இழுக்கும் வாய் உடம்போடு சேர்ந்து மூன்று இஞ்ச் மேலே போகும், அது உண்மை. தொடை அளவு தண்ணீரில் அந்த மூன்று இஞ்ச் என்ன செய்துவிடும்? அன்றைக்கு எங்கள் தெருவில் வாய்க்கால் எது, சாலை எது என்றே தெரியவில்லை. மூடி இல்லாத வாய்க்காலில் ஒரு சக்கரம் இறங்கினால் உயர்த்திய வண்டியும் அதே கதிதான். உள்ளே நோயாளி இருப்பார். அப்படிப்பட்ட நாளுக்கு வேண்டியது டிராக்டரும் அக்கம்பக்கத்து மனிதர்களும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் டயாலிசிஸ் யூனிட்டுக்கு போன் செய்து முன்கூட்டியே நேரம் கேட்பதும், மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு முதல் நாளே போய்விடுவதும் எந்த ஸ்பிரிங்கையும்விட உதவும். வருடத்துக்கு ஒருநாள் வெள்ளம் வரலாம், வராமலும் போகலாம். அவள் வருடத்தில் நூற்றைம்பது நாளுக்கு மேல் அந்தப் படியில் ஏறி இறங்குகிறாள். மூன்று இஞ்ச் என்றால் ஏழரை சென்டிமீட்டர். கால் வைக்கும் படியும் உடம்போடு சேர்ந்து அவ்வளவு மேலே போகும். தலை சுற்றும் மனுஷிக்கு அது எவ்வளவு என்பதைச் சொல்ல டேப் வேண்டாம்.

வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவளே உள்ளிருந்து சொன்னாள்: "ஏங்க, இப்பவே நீங்க கையைப் பிடிச்சாத்தான் ஏறுறேன். இன்னும் தூக்கினா ஆளை வெச்சுத்தான் தூக்கணும்." மகன் அதற்கப்புறம் மூன்று இஞ்ச் பற்றிப் பேசவில்லை.

இனி வழிகளைப் பார்ப்போம். கடைகளில் சொல்லப்படுபவை நான்கு.

ஒன்று, சுருள் ஸ்பிரிங் மேல் அண்டை வைப்பது. செலவு குறைவு. உட்கார்ந்துபோன ஸ்பிரிங் அப்படியே இருக்க, அதன் தலையில் ஒரு வளையம். முழங்கால் தேய்ந்தவனுக்கு உயரமான செருப்பு வாங்கிக் கொடுத்த மாதிரி.

இரண்டு, பின்பட்டையின் முனையில் இருக்கும் ஷாக்கிளை நீளமாக்குவது. பட்டையின் ஒரு முனைதான் உயர்கிறது, அச்சு நடுவில் இருக்கிறது. ஆகவே ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஷாக்கிள் இரண்டு இஞ்ச் நீள வேண்டும். அச்சும் லேசாகத் திரும்பிக்கொள்ளும். அப்போது புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, கிராஸ் சீக்கிரம் தேய்ந்து, வண்டியில் அதிர்வு வரலாம்.

மூன்று, பழைய பட்டையைக் கழற்றி அடித்து வளைவு ஏற்றுவது. லாரிக்காரர்கள் காலம்காலமாகச் செய்வது. நல்ல கைக்காரர் கிடைத்தால் சில காலம் நிற்கும். களைத்துப்போன இரும்பு மறுபடியும் உட்காரும்.

நான்கு, அதே வண்டிக்கான புதுப் பட்டை அடுக்கும் புதுச் சுருள் ஸ்பிரிங்கும் போடுவது. கூடவே ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதிது. பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம். நாங்கள் செய்தது இதை. மகன் விசாரித்து வந்த மூன்று இஞ்ச் செட்டுக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. புதுப் பட்டை முதல் சில வாரங்களில் கொஞ்சம் அமரும் என்று மெக்கானிக் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அளந்தேன். நண்பர் வண்டியின் மட்டத்தில் நிற்கிறது.

வயல் வரப்பு ஓரமாக தினமும் போக வேண்டியவர்கள் உண்டு. பாகூர், மண்ணாடிப்பட்டு பக்கம் கொம்யூன் சாலை முடிந்து வண்டித்தடத்தில் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு இஞ்ச் தேவைப்படலாம். அவர்களும் புது ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கட்டும். நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதும் தொங்கும்போது இழுபடாமல் இருக்கிறதா? ஷாக் அப்சார்பரின் நீளம் போதுமா? முன்சக்கரக் கோணங்களை அலைன்மென்டில் சரிசெய்ய இடம் மிச்சம் இருக்கிறதா? பின்சக்கர பிரேக்கைப் பாரத்துக்கு ஏற்ப மாற்றும் வால்வு இருந்தால், பின்பக்கம் உயர்ந்ததை அது பாரம் குறைந்ததாக எடுத்துக்கொள்ளாதபடி சரிசெய்தார்களா? ஒரு இஞ்சில் இவற்றைச் சமாளிக்கலாம். மூன்று இஞ்சில் ஒவ்வொன்றும் தனிச் செலவு. வண்டி உயரமாகி, வளைவில் சாய்வதும் அதிகமாகும். நம் வயதில் திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டி வந்தால் அந்தச் சாய்வு சின்ன விஷயம் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். நம்முடைய வண்டிகள் பதினைந்து வருடம் தாண்டியவை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சொந்த உயரத்துக்குத் திருப்புவது பழுதுபார்ப்பு, அதற்குக் கேள்வி இல்லை. அதற்கு மேல் ஒரு இஞ்ச் என்றாலும் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தைக்குக் கோப்பில் இடமில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எனக்கு இஞ்ச் இன்றும் மனசில் ஒட்டாது, சென்டிமீட்டர்தான். பிரெஞ்சில் ஸ்பிரிங்குக்கு 'ரெஸ்ஸோர்' என்று பெயர். அதே சொல்லுக்கு அதிகார எல்லை என்ற பொருளும் உண்டு. ஒரு மனு தப்பான மேசைக்கு வந்துவிட்டால், இது எங்கள் ரெஸ்ஸோர் இல்லை என்று எழுதித் திருப்புவார்கள். அலுவலகத்தில் கற்ற அந்த வழக்கு இந்த விஷயத்திலும் எனக்கு உதவியது. மேடு பள்ளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரை ஆட்டாமல் வைப்பது ஸ்பிரிங்கின் வேலை. வெள்ளத்துக்கு வழி சொல்வது அதன் மேசை இல்லை.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், செலவு செய்யும் முன் ஒரு டேப்பை எடுத்து நான்கு சக்கரத்திலும் அளந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு வீட்டில் வயதில் மூத்தவரை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் போக அந்த இரண்டு விவரம் போதும்.