எது நகைப்பிற்குரியது?

நகைச்சுவை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், எள்ளலை அவற்றுள் முதலில் வைத்தார். பிறரை எள்ளி நகைத்தல் எளிது; எள்ளத்தக்கது எது என ஆராய்தலே அரிது. ஆடவர் ஆளும் இடத்தில் பெண்கள் புகுவதைக் காட்டும் நகைச்சுவை நாடகங்களைக் காணும்போது, இவ்வாராய்ச்சி நமக்கு மிகவும் வேண்டும்.

பண்டைக் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் அரிஸ்டோபனீஸ் என்னும் நாடகப் புலவர் வாழ்ந்தார். ‘பெண்கள் பேரவை’ என்பது, கி.மு. 391-ஐ ஒட்டி அவர் இயற்றிய நாடகமாகும். அந்நகரின் மக்கள் அவையில் ஆடவரே கூடுவர், ஆடவரே வாக்களிப்பர். நாடக மேடையில் பெண் வேடம் பூண்டவரும் ஆடவரே.

இந்நாடகத்தின் தலைவி பிராக்சகோரா என்பவள். அவளும் தோழியரும் தத்தம் கணவரின் ஆடைகளை அணிந்து, பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, விடியுமுன் கூடி, அவையில் பேசுதற்குப் பழகுகின்றனர். பழகுங்கால் வாய் தவறிப் பெண்கள் இடும் ஆணையை இடுவதும், அவையோரைப் ‘பெண்களே’ என விளிப்பதும் நேர்கின்றன. தலைவி அவற்றைத் திருத்துகிறாள். இல்லத்தைச் செவ்வனே நடத்தும் பெண்டிரிடம் நாட்டையும் ஒப்படைக்கலாம் என்பது அவள் வாதம். அவையும் அதற்கு இசைகிறது. இதற்கிடையே, தன் உடையைக் காணாத அவள் கணவன், மனைவியின் ஆடையை உடுத்துத் தெருவில் வந்து நிற்கிறான்!

இங்கு நகைப்பிற்குரியவர் யார்? தாடி ஒட்டிய பெண்களே என்பர் சிலர். புலவரும் பிற்பகுதியில் அப்பெண்களின் ஆட்சித் திட்டங்களை எள்ளத் தவறவில்லை. ஆதலின், அவர் பெண்ணுரிமைக்காகவே இந்நாடகத்தை யாத்தார் எனல் பொருந்தாது. ஆயினும் சற்றே எண்ணிப் பாருங்கள். அறிவிற் குறையாத ஒருத்தி தன் கருத்தைக் கூறுதற்குத் தாடி வேண்டியிருந்தது எனின், எள்ளத்தக்கவள் அவளா? அறிவைப் பாராது தாடியைப் பார்த்து இடம் தந்த அவையன்றோ!

அன்று மேடையில் வேடிக்கையாகக் காட்டப்பட்டது பிற்காலத்தில் மெய்யாயிற்று. கிரேக்கப் பெண்கள் 1952-ஆம் ஆண்டில் முழு வாக்குரிமை பெற்றனர். அதற்குப் பொய்த்தாடி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாணவர்களே, பள்ளி விழாவில் நீங்களும் நகைச்சுவை நாடகம் நடிப்பீர்கள். பெண் மருத்துவரையோ காவலரையோ ஓட்டுநரையோ மேடையில் காட்டும்போது, பெண் என்பதற்காகவே அவரைப் பேதையாக்கிச் சிரிப்பூட்டாதீர்கள். அவருடைய ஆற்றலை அறியாது வழிமறிப்பவரின் மடமையைக் காட்டுங்கள். அவையில் அமர்ந்திருக்கும் உங்கள் தாயும் தமக்கையும் உங்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டும். அத்தகைய நகையே நன்னகை.