கண்ணாடி ஏற மாட்டேங்குதா பாஸ்?

தாத்தாவோட அம்பாஸடர்ல வத்தலக்குண்டு ரோட்டுல போறீங்க. திடீர் மழை! ஜன்னல் கைப்பிடியைச் சுத்தினா 'கடகட'ன்னு வழுக்குது, கண்ணாடி பாதியிலேயே நிக்குது. பல்சக்கரம் தேஞ்சிருக்கு, சரி. ஏன் தேஞ்சுது? கண்ணாடி ஓடுற சேனல்ல இருக்கிற ஃபெல்ட் பட்டை புழுதி ஏறி விறைச்சுப்போச்சு. நீங்க முக்கி முக்கிச் சுத்தின பலமெல்லாம் பல்லைத் தின்னுடுச்சு. ஃபெல்ட்டை விட்டுட்டுப் பல்லை மட்டும் மாத்தினா மறுபடியும் அதே கதைதான்.

கதவோட உள்தட்டியைக் கழற்றினதும் முதல்ல கண்ணாடிக்கு முட்டு கொடுங்க. இல்லேன்னா 'டமார்'! கைப்பிடியோட உள்வரி மட்டும் தேஞ்சிருந்தா கைப்பிடி மாத்தினாலே போதும் (அதிர்ஷ்டசாலி நீங்க). பல்லே போயிருந்தா? 2014-லயே உற்பத்தி நின்னுபோன வண்டி, பார்ட்ஸுக்கு அலையணும். ஆனா, தேஞ்ச இடத்துல பித்தளை வச்சு அரத்தால பல் வெட்டலாம். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுல அரம் பிடிக்கிற கைக்கா பஞ்சம்? ஃபெல்ட்டை மட்டும் கையோட வாங்கிட்டுப் போயிடுங்க.