சுவிட்சுக்கும் சட்டம் உண்டு... படிக்கத்தான் காசு!

எலக்ட்ரிக்கல் கடைக்கு எம்.சி.பி. வாங்க வருபவர் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார். "16 ஆம்ப்ஸ் இருக்கா?", "என்ன விலை?" கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து மேஜையில் வைப்பார. மூன்றும் ஒரே வெள்ளை நிறம், ஒரே அளவு. விலை மட்டும் வேறு வேறு. வாங்க வந்தவர் ஒவ்வொன்றையும் மேலும் கீழும் தட்டிப் பார்ப்பார். 'டக்' என்று சத்தம் வந்தால் திருப்தி. இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த 'டக்' சத்தத்துக்கும் அந்தப் பொருளின் தரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வருடக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது கண் இமைக்கும் நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை அறுத்து நிறுத்துவதுதான் எம்.சி.பி.யின் வேலை. நிறுத்துமா, நிறுத்தாதா? கடையில் சோதித்துப் பார்க்க வழியில்லை. வீட்டில் விபத்து நடக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: தகவல் சமமின்மை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கியது. நல்ல காரையும் மட்டமான காரையும் பிரித்துப் பார்க்க முடியாதபோது, வாங்குபவர் நடுத்தர விலைக்கு மேல் தர மாட்டார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். நாளடைவில் சந்தையில் மட்டமானவை மட்டுமே மிஞ்சும். இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 2001ல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கார் இருந்த இடத்தில் எம்.சி.பி.யை வைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். மட்டமான கார் வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். மட்டமான எம்.சி.பி. வீட்டையே கொளுத்திவிடும்.

இந்தச் சிக்கலுக்கு உலகம் கண்டுபிடித்த தீர்வுதான் தரநிலை. வாங்குபவரால் சோதிக்க முடியாததை ஓர் ஆய்வுக்கூடம் சோதிக்கும். எப்படிச் சோதிக்க வேண்டும், எதில் தேற வேண்டும் என்பதை எல்லா நாடுகளும் சேர்ந்து எழுதி வைக்கும். மின்சாரத் துறையில் இந்த வேலையைச் செய்வது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், சுருக்கமாக ஐ.இ.சி. 1904ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மின்சார மாநாட்டில் யோசனை பிறந்தது. 1906ல் லண்டனில் அமைப்பு உருவானது. முதல் தலைவர் கெல்வின் பிரபு. வெப்பநிலை அலகில் இன்றும் வாழ்கிறாரே, அதே கெல்வின்தான்! 1948ல் தலைமையகம் ஜெனீவாவுக்கு மாறியது. இந்தியாவும் இதில் உறுப்பு நாடு. நம் சார்பில் அங்கே உட்காருவது பி.ஐ.எஸ். எனப்படும் இந்திய தர நிர்ணய அமைவனம்.

மின்சாரத்தைத் திறந்து மூடும், கட்டுப்படுத்தும் கருவிகளுக்கு சுவிட்ச்கியர், கன்ட்ரோல்கியர் என்று பெயர். குறைந்த மின்னழுத்தக் கருவிகளுக்கு ஐ.இ.சி. 60947 என்ற வரிசை. அதில் முதல் பாகம் பொது விதிகள், இரண்டாம் பாகம் சர்க்யூட் பிரேக்கர், 4-1 பாகம் கான்டாக்டரும் மோட்டார் ஸ்டார்ட்டரும். வீட்டு எம்.சி.பி.க்கு 60898, பல கருவிகளைச் சேர்த்துக் கட்டும் பேனல் போர்டுக்கு 61439, உயர் மின்னழுத்தக் கருவிகளுக்கு 62271. கேட்கவே தூக்கம் வரும் எண்கள்தான். ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது வீட்டில் உள்ளவர்களின் உயிர்.

ஓர் உதாரணம். எம்.சி.பி.யின் முகத்தில் 'சி16' என்றும், அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்துக்குள் '6000' என்றும் அச்சடித்திருக்கும். 16 என்பது ஆம்பியர். கட்டத்துக்குள் இருக்கும் 6000, ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது 6000 ஆம்பியர் வரை அறுக்கும் திறன். சி என்பது ரகம். 'பி' ரகம் மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்திலும், 'சி' ரகம் ஐந்து முதல் பத்து மடங்கிலும், 'டி' ரகம் பத்து முதல் இருபது மடங்கிலும் உடனடியாக விழும். மோட்டார் ஓடத் தொடங்கும்போது சில நொடிகளுக்குப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதற்கெல்லாம் விழாமல் இருப்பதற்குத்தான் இத்தனை ரகம்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. 16 ஆம்பியர் எம்.சி.பி. 17 ஆம்பியரில் விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தரநிலை அப்படிச் சொல்லவில்லை. 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரத்துக்கு விழவே கூடாது. 1.45 மடங்கில், அதாவது சுமார் 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியாக இருந்தால்!

நம் ஊரில் மே மாதத்தில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? வெயில் விழும் சுவரில் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்த எம்.சி.பி. சீக்கிரமே விழத்தான் செய்யும். உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூட்டில் முன்கூட்டியே வளைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? "இந்த எம்.சி.பி. சரியில்லை, பெருசா ஒண்ணு போடுப்பா" என்கிறார். 16 போய் 32 வருகிறது. சுவருக்குள் ஓடும் வயர் மட்டும் பழைய வயர்தான். இனி வயர் சூடாகும், எம்.சி.பி. விழாது. கெட்டது என்று தூக்கி எறியப்பட்டது உண்மையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த கருவி.

கன்ட்ரோல்கியர் பக்கம் போனாலும் இதே கதைதான். பம்புசெட் ஸ்டார்ட்டருக்குள் கான்டாக்டர் என்று ஒன்று இருக்கும். அதன் மேல் சாதாரணமாக இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கும். ஏசி-1 என்றால் 25, ஏசி-3 என்றால் 9. ஒரே பொருளுக்கு எப்படி இரண்டு எண்? ஏசி-1 என்பது ஹீட்டர் மாதிரியான சாதுவான சுமைக்கு. ஏசி-3 என்பது மோட்டாருக்கு. மோட்டாரை ஓட்டத் தொடங்குவது கான்டாக்டருக்கு எவ்வளவு பெரிய வதை என்பதை அந்த வித்தியாசமே சொல்லிவிடும். இது தெரியாதவர் 25 என்ற எண்ணைப் பார்த்து "இவ்வளவு மலிவா!" என்று வாங்கிப் போய் மோட்டாருக்கு மாட்டுவார். முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்காத நாள் ஒன்று வரும்.

ஆக, தரநிலை என்பது பொறியாளர்களின் அலமாரியில் மட்டும் இருக்க வேண்டிய சமாச்சாரம் இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு வேண்டும். சின்னக் கடைக்காரருக்கு வேண்டும். கோவையில் பத்துக்குப் பத்து அறையில் பம்புசெட் பேனல் கட்டுபவருக்கும் வேண்டும்.

சரி, அதை அவர் எங்கே படிப்பது? இங்கேதான் சிக்கல்.

ஐ.இ.சி. தரநிலைகள் விற்பனைக்கு உரியவை. ஒரு முக்கியமான பாகத்தின் விலையே சில நூறு சுவிஸ் ஃபிராங்க், நம் பணத்தில் பல்லாயிரம் ரூபாய். ஒன்றை வாங்கினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஸ்டார்ட்டருக்கான 4-1 பாகத்தைத் திறந்தால் "முதல் பாகத்தைப் பார்க்க" என்று வரும். முதல் பாகத்தைத் திறந்தால் அது இன்னும் பல சோதனைத் தரநிலைகளைக் கைகாட்டும். இலவசமாகக் கிடைப்பது முன்னோட்டப் பக்கங்கள் மட்டும். பொருளடக்கம் இலவசம், பொருள் காசுக்கு!

இது வெறும் புத்தக விலைப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. 1995ல் உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் தங்கள் தொழில்நுட்ப விதிகளுக்குச் சர்வதேசத் தரநிலைகளை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது. இந்தியாவும் ஐ.இ.சி. தரநிலைகளை வரிக்கு வரி எடுத்து ஐ.எஸ்./ஐ.இ.சி. என்ற எண்ணோடு தனதாக்கிக்கொள்கிறது. 2003ல் மத்திய அரசு கொண்டுவந்த தரக் கட்டுப்பாட்டு ஆணை, வீட்டு எம்.சி.பி.க்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரை இல்லாமல் தயாரித்து விற்பது குற்றம். அதாவது, ஜெனீவாவில் எழுதப்பட்ட ஆவணம் இங்கே சட்டமாகிவிட்டது. சட்டத்தை மீறினால் தண்டனை, ஆனால் அதைப் படிக்க வேண்டுமென்றால் காசு. இது எந்த ஊர் நியாயம்?

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தரநிலை எழுதச் செலவாகும். செயலகம் வேண்டும், கூட்டங்கள் வேண்டும், பல வருட உழைப்பு வேண்டும். விற்ற காசில்தான் அடுத்த பதிப்பு வருகிறது. அரசாங்கப் பணத்தை எதிர்பார்க்காமல் இருப்பதால்தான் நடுநிலையோடு இருக்க முடிகிறது என்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் கமிட்டிகளில் உட்கார்ந்து எழுதும் நிபுணர்களுக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனிகளும் கல்லூரிகளும்தான், ஐ.இ.சி. இல்லை. உறுப்பு நாடுகளிடமிருந்தும் ஆண்டுச் சந்தா வருகிறது. தவிர, ஒரு முறை எழுதி முடித்த ஆவணத்தை இன்னும் ஒருவர் திரையில் படிப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். பொதுப் பண்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில்கூட கிடைக்காது.

திறந்து வைத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்ற பயத்துக்குப் பதில் அமெரிக்காவில் இருக்கிறது. 1894ல் தொடங்கிய யு.எல். அமைப்பின் தரநிலைகளை இன்று யாரும் பதிவு செய்துகொண்டு இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அச்சிடவோ இறக்கிக்கொள்ளவோ வேண்டுமென்றால்தான் பணம். அமெரிக்க சர்க்யூட் பிரேக்கருக்கான யு.எல். 489ம் இதில் அடக்கம். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பை வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. அமைப்பும் இப்படித்தான் செய்கிறது. இரண்டும் திவாலாகவில்லை.

ஐரோப்பாவிலும் காற்று மாறிவிட்டது. சட்டத்தோடு இணைக்கப்பட்ட தரநிலைகள் ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று 2016ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. கார்ல் மலமுட் தொடங்கிய பப்ளிக் ரிசோர்ஸ் என்ற அமைப்பும் இன்னொரு அமைப்பும் போட்ட வழக்கில், 2024 மார்ச் 5ஆம் தேதி அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பொம்மைகளின் பாதுகாப்பு பற்றிய நான்கு தரநிலைகளைக் கேட்டவர்களுக்குத் தர வேண்டும், அதில் பொதுநலன் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. குழந்தை விளையாடும் பொம்மைக்குப் பொருந்தும் நியாயம், அந்தக் குழந்தை தூங்கும் வீட்டின் எம்.சி.பி.க்குப் பொருந்தாதா?

இந்தியாவிலும் கதவு பாதி திறந்துதான் இருக்கிறது. பி.ஐ.எஸ். தானே வகுத்த தரநிலைகளை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்திருக்கிறது. இது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் ஐ.இ.சி.யிடமிருந்து எடுத்துக்கொண்டவை வேறு ரகம். அவற்றின் பதிப்புரிமை ஜெனீவாவில் இருக்கிறது. டெல்லி மட்டும் நினைத்தால் அதைத் தாரை வார்த்துவிட முடியாது. ஆகவே அரசு செய்ய வேண்டியது பேரம். எந்தத் தரநிலையைக் கட்டாயமாக்குகிறதோ, அதைக் குடிமக்கள் இணையத்தில் படிக்கும் உரிமையையும் சேர்த்து வாங்கட்டும். அதற்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்கட்டும். ஒரு தீ விபத்தில் போகும் உயிருக்கும் சொத்துக்கும் முன்னால் அது ஒரு பெரிய தொகையாக இருக்காது. அதோடு, எலக்ட்ரீஷியனுக்குப் புரியும் தமிழில் பத்துப் பக்கச் சுருக்கம் ஒன்றும் வந்தால் இன்னும் நல்லது.

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது அந்த முத்திரைதான். ஐ.எஸ்.ஐ. சின்னத்தின் மேலே தரநிலையின் எண் இருக்கும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

அடுத்த முறை எலக்ட்ரிக்கல் கடைக்குப் போகிறவர், 'டக்' சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். மூன்றாவது கேள்வியாக அதற்கு அர்த்தம் என்ன என்று கடைக்காரரிடம் கேட்கட்டும். அவருக்கும் பதில் தெரியவில்லையென்றால் குற்றம் அவருடையது இல்லை. அவருக்கும்தான் அதை யாரும் படிக்கத் தரவில்லையே!